செயற்கைக் கதிரியக்கத்துக்கு எந்தச் சோதனையை எடுப்பது: பாரிஸா, ரோமா, பலெர்மோவா, பெர்க்லியா?

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் போன வாரம் கேட்டார்: “சார், செயற்கைக் கதிரியக்கம், அதாவது நிலையான அணுவைத் தாக்கிக் கதிரியக்கமுள்ளதா மாத்துறது, பத்தி செமினார் எடுக்கணும். முக்கால் மணி நேரம்தான். ஜோலியோ-கியூரி, ஃபெர்மி, சீபோர்க்னு எல்லாரும் வர்றாங்க. எல்லாரையும் சொன்னா வெறும் பெயர்ப் பட்டியலா ஆயிடுது. ஒருத்தரை மட்டும் எடுத்தா யாரை எடுக்கிறது?” பன்னிரண்டாம் வகுப்புக்கு அணுக்கரு இயற்பியல் நடத்தும் ஆசிரியர்கள் இரண்டு பேரும் இதே குழப்பத்தைச் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் எடுங்கள் என்பதே என் கருத்து. எதை எடுத்தாலும் “இது இன்ன தனிமம் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லுங்கள். புதிய ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவை) உண்டாக்குவது பாதி வேலைதான். எண்ணியில் (கதிர்களை எண்ணிக் காட்டும் கருவியில்) கேட்கும் டிக் டிக் சத்தம் எந்த அணுவிலிருந்து வருகிறது என்று நிரூபிப்பது மீதிப் பாதி. நம் பாடங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்த மீதிப் பாதி.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தேர்ந்தெடுக்க நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

அடையாளச் சான்று எவ்வளவு தெளிவாக இருக்கிறது? இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன். அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஓர் அணுவின் கைரேகை மாதிரி என்று எழுதுவார்கள். ஆனால் கைரேகை பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தால்தானே ஆளைக் கண்டுபிடிக்க முடியும்? செயற்கைக் கதிரியக்கம் முதலில் தெரியவந்த 1934-இல் பதிவேடே கிடையாது. 13 நிமிடம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தத் தனிமம் என்று யாராலும் சொல்ல முடியாது. வேதியியல்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அரை ஆயுளை எப்படி அளந்தார்கள்? நிமிடக் கணக்கா, நாள் கணக்கா, காத்திருந்து அளக்கவே முடியாத ஆண்டுக் கணக்கா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

மூன்றாவது, கேட்பவர்களுக்கு முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. செலவு என்றால் இங்கே பணமில்லை, நேரம். “அது ஏன் சார்?” என்று ஒரு கை உயர்ந்தால் எவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டியிருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

| சோதனை | எதை எதனால் தாக்கினார்கள் | கிடைத்தது | இன்று ஏற்கப்பட்ட அரை ஆயுள் | அடையாளச் சான்று |
|---|---|---|---|---|
| பாரிஸ், 1934 | அலுமினியத்தை ஆல்ஃபா துகளால் (ஹீலியம் அணுக்கரு) | பாஸ்பரஸ்-30 | 2.5 நிமிடம் | கதிரியக்கம் வாயுவோடு வெளியேறியது |
| ரோம், 1934 | இரும்பு முதலியவற்றை நியூட்ரானால் | மாங்கனீசு-56 முதலியன | 2.58 மணி | கேரியரோடு (கூடச் சேர்த்த சாதாரண உப்போடு) பிரித்தல்; வெவ்வேறு இலக்குகளில் அதே அரை ஆயுள் |
| பலெர்மோ, 1937 | மாலிப்டினத்தை டியூட்ரானால் (கன ஹைட்ரஜனின் அணுக்கரு) | தனிமம் 43 | 61 நாள், 91 நாள் | அண்டைத் தனிமங்களை ஒவ்வொன்றாக விலக்கியது |
| பெர்க்லி, 1938 | டெலூரியத்தை டியூட்ரானால் | அயோடின்-131 | 8 நாள் | அயோடினாகப் பிரித்தல் |
| பெர்க்லி, 1940 | கிராஃபைட்டை டியூட்ரானால் | கார்பன்-14 | 5,730 ஆண்டு | நீண்டு நிற்கும் மிக மெலிந்த பீட்டா |

## பாரிஸ்: அலுமினியத் தகடும் சில நிமிடங்களும்

1934 ஜனவரி. ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை அலுமினியத் தகட்டின்மேல் விழவைத்தார்கள். நியூட்ரானும் பாசிட்ரானும் (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்) வெளியே வந்தன. அதுவரை புதிதில்லை. முந்தைய அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். அங்கே பெர்லின் இயற்பியலர் லிசே மைட்னர் இவர்களுடைய அளவீட்டைச் சந்தேகித்தார். இந்த முறை பொலோனியத்தை அப்புறப்படுத்திய பிறகும் எண்ணி நிற்கவில்லை. தகடு தானாகவே பாசிட்ரானை வெளியிட்டுக்கொண்டிருந்தது, எண்ணிக்கை சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தது.

அவர்கள் சொன்ன விளக்கம்: அலுமினியம்-27 ஓர் ஆல்ஃபாவை விழுங்கி ஒரு நியூட்ரானைத் துப்புகிறது; மிஞ்சுவது இயற்கையில் இல்லாத பாஸ்பரஸ்-30; அது பாசிட்ரானை விட்டு சிலிக்கான்-30 ஆகிறது. சரி, பாஸ்பரஸ்தான் என்று எப்படித் தெரியும்?

தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தார்கள். அலுமினியம் கரைசலில் தங்கிவிடும். பொங்கி வரும் ஹைட்ரஜனோடு பாஸ்பரஸ் சேர்ந்து வாயுவாக வெளியேறும். அந்த வாயுவைக் குழாயில் பிடித்து எண்ணிக்குப் பக்கத்தில் வைத்தால் கதிரியக்கம் குழாயில் இருந்தது, கரைசலில் இல்லை. முழு வேலையும் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். தாமதித்தால் அளக்க எதுவும் மிஞ்சாது. போரான் நைட்ரைடிலும் இதே உத்திதான். ஆல்ஃபா தாக்கிய பிறகு காஸ்டிக் சோடாவோடு சூடாக்கினால் கதிரியக்கம் அம்மோனியாவாக வெளியேறியது. ஆகவே அது நைட்ரஜன்.

இதில் என்னை எப்போதும் அசரவைப்பது அளவு. தகட்டில் விநாடிக்கு 1,000 சிதைவு நடக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதில் உள்ள பாஸ்பரஸ்-30 அணுக்கள் சுமார் 2,16,000 மட்டும். எந்தத் தராசிலும் நிற்காத, எந்தச் சோதனைக் குழாயிலும் நிறம் காட்டாத அளவு. அதை வேதியியலால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்திக் காட்டினார்கள். 1935-இல் அவர்களுக்குக் கிடைத்த நோபல், வேதியியலுக்கானது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பீட்டா என்றால் எலக்ட்ரான் என்று மட்டும் படித்து வந்த வகுப்பில், பாசிட்ரானுக்கு ஐந்து நிமிடமாவது போய்விடும். அடுத்தது, அவர்கள் அன்று சொன்ன அரை ஆயுள் 3 நிமிடம் 15 விநாடி, இன்று ஏற்கப்பட்டது 2.5 நிமிடம். நைட்ரஜன்-13-க்கு அன்று 14 நிமிடம், இன்று ஏறக்குறைய 10. “அப்போ தப்பா அளந்தாங்களா?” என்று நிச்சயம் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். மெலிந்த கதிரியக்கத்தை அளப்பது எவ்வளவு கடினம் என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நான் கொடுக்கும் கணக்கு இது (எண்கள் கற்பனை): பின்னணி எண்ணிக்கை (தகடே இல்லாவிட்டாலும் எண்ணி காட்டுவது) நிமிடத்துக்கு 20. தகட்டோடு சேர்த்துத் தொடக்கத்தில் 180. உண்மையான அரை ஆயுள் 2.5 நிமிடம் என்றால், 10 நிமிடம் கழித்துத் தகட்டின் பங்கு 160-லிருந்து 10 ஆகியிருக்கும். எண்ணி காட்டுவது 30. பின்னணியைக் கழிக்க மறந்தவர் 180, 30 ஆனதாக எடுத்துக்கொள்வார். அவருக்கு அரை ஆயுள் சுமார் 3.9 நிமிடம் என்று வரும். பாரிஸில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வால்பகுதியில் சிறு பிசகு இருந்தாலும் விடை எவ்வளவு நீளும் என்பதை மாணவர்கள் கையால் போட்டுப் பார்க்கட்டும்.

பள்ளி வகுப்பாக இருந்தால் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய 100 புளியங்கொட்டை போதும். குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்ததை எடுத்துவிட்டு, மீதியை மறுபடி போடச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு வீச்சுக்குப் பாதி குறையும். பத்துக்கும் கீழே வந்ததும் ஒழுங்கு கெட்டு எண்கள் தாறுமாறாகும். குறைந்த எண்ணிக்கையில் அளப்பது ஏன் கடினம் என்பது அப்போது தானாகப் புரிந்துவிடும்.

எப்போது இதை எடுக்கலாம்: ஒரே வகுப்பு, ஒரே சோதனை, முழு நிரூபணமும் அதற்குள் முடிய வேண்டும் என்றால் இதுவே முதல் தேர்வு.

## ரோம்: நியூட்ரானும் நீண்ட நடைக்கூடமும்

பாரிஸ் செய்தி வந்த சில வாரங்களில் என்ரிகோ ஃபெர்மி யோசித்தது எளிமையானது. ஆல்ஃபாவுக்கு நேர் மின்னூட்டம் உண்டு. கனமான அணுக்கரு அதைத் தள்ளிவிடும். நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை. யாரும் தள்ள மாட்டார்கள். ரேடான் வாயுவும் பெரிலியத் தூளும் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழல்தான் அவருடைய நியூட்ரான் மூலம். ரேடானின் அரை ஆயுளே 3.8 நாள் என்பதால் அடிக்கடி புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்தது.

லேசான தனிமத்திலிருந்து வரிசையாகத் தாக்கிக்கொண்டே போனார். முதல் சிலவற்றில் எதுவும் இல்லை. ஃபுளோரினுக்கு வந்தபோது எண்ணி பேசத் தொடங்கியது. 1934 மார்ச் 25 தேதியிட்ட கடிதத்தில் முடிவை வெளியிட்டார். பிறகு அமால்டி, செக்ரே, ரசேட்டி, வேதியியலர் டி’அகோஸ்தினோ எல்லோரும் சேர்ந்து ஏறக்குறைய 60 தனிமங்களைத் தாக்கி, 40-க்கு மேற்பட்டவற்றில் கதிரியக்கத்தைக் கண்டார்கள். நியூட்ரான் மூலம் ஓர் அறையில், எண்ணி நடைக்கூடத்தின் மறுகோடியில்; மூலத்தின் கதிர் எண்ணியைக் குழப்பக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அரை ஆயுள் சில விநாடிகளே உள்ள பொருள்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபெர்மியும் அமால்டியும் அந்த நடைக்கூடத்தில் ஓடுவார்கள்.

அடையாளம் காணும் உத்திகளைக் கற்றுத்தர இதைப்போல இன்னொன்று இல்லை. இரும்பை நியூட்ரானால் தாக்கினால் இரண்டரை மணி நேர அளவில் அரை ஆயுள் உள்ள கதிரியக்கம் தெரிந்தது. இரும்பைக் கரைத்து, அதில் கொஞ்சம் சாதாரண மாங்கனீசு உப்பைச் சேர்த்து, மாங்கனீசை மட்டும் வீழ்படிவாக இறக்கினால் கதிரியக்கம் வீழ்படிவோடு வந்துவிடும். இப்படிக் கூட்டிக்கொண்டு வரச் சேர்க்கும் உப்பைத்தான் கேரியர் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சில லட்சம் அணுக்கள், கண்ணுக்குத் தெரியும் தன் இனத்தோடு சேர்ந்து போகின்றன.

இரண்டாவது சாட்சி இன்னும் அழகு. நியூட்ரானை வாங்கிய இரும்பு ஒரு புரோட்டானை விட்டால் மாங்கனீசு-56. கோபால்ட் ஓர் ஆல்ஃபாவை விட்டால் அதே மாங்கனீசு-56. மாங்கனீசே நியூட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் மாங்கனீசு-56. மூன்று வெவ்வேறு உலோகங்கள், ஒரே 2.58 மணி. மூன்று பாதையும் ஒரே வாசலில் வந்து நிற்கும்போது மறுக்க முடியாது.

அலுமினியத்தை நியூட்ரானால் தாக்கினால் 2.2 நிமிடம், 9.5 நிமிடம், 15 மணி என்று மூன்று அரை ஆயுள்கள் ஒன்றாகக் கலந்து வரும்: அலுமினியம்-28, மெக்னீசியம்-27, சோடியம்-24. செமி-லாக் தாளில் (ஓர் அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள வரைதாளில்) வரைந்து, நீண்ட வாலை முதலில் கழித்து, மிஞ்சியதில் அடுத்ததை எடுத்து என்று ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். இளங்கலை மாணவர்களுக்கு இது ஒரு முழு மதிய வேலை, செய்து முடித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதன் மறைந்த செலவு பெரியது. அதன் பெயர் யுரேனியம். யுரேனியத்தைத் தாக்கியபோது பல அரை ஆயுள்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 13 நிமிடம். அது யுரேனியமும் இல்லை, அதற்குக் கீழே ஈயம் வரையுள்ள தனிமங்களும் இல்லை என்று வேதியியலால் காட்டினார்கள். ஆகவே தனிமம் 93 ஆக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஈயத்துக்கும் கீழே உள்ளவற்றை ஏன் பார்க்கவில்லை என்று அதே ஆண்டிலேயே ஜெர்மன் வேதியியலர் ஈடா நோடாக் கேட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. அணுக்கரு இரண்டாக உடையும் என்று யாரும் எதிர்பார்க்காத காலம் அது.

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும், யுரேனியத்திலிருந்து வந்த “ரேடியத்தை”, கேரியராகச் சேர்த்த பேரியத்திலிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். பிரியவில்லை. உண்மையான ரேடியத்தைச் சேர்த்து அதே முறையில் செய்தால் பிரிந்தது. அப்படியென்றால் அது ரேடியமே இல்லை, பேரியம்தான். அந்த ஜூலையில் ஜெர்மனியை விட்டுத் தப்பிப் போயிருந்த லிசே மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் அதைக் கருப்பிளவு என்று விளக்கினார்கள்.

ரோமைத் தொட்டால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சொன்னால் முக்கால் மணி நேரம் போதாது. 1934 அக்டோபரில் பாரஃபின் மெழுகால் நியூட்ரான்கள் மெதுவாகி வெள்ளியின் கதிரியக்கம் பலமடங்கானதும் இதே குழுவின் கதைதான். ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவைத் திறக்கும்.

எப்போது இதை எடுக்கலாம்: இரண்டு வகுப்பு கையில் இருந்தால், அல்லது தவறான அடையாளம் எப்படி நடக்கிறது என்பதே உங்கள் தலைப்பாக இருந்தால். அருகில் நியூட்ரான் மூலம் உள்ள பல்கலைக்கழக ஆய்வகம் இருந்து, அங்குள்ளவர்கள் மேற்பார்வையில் இண்டியத் தகட்டைச் செயலூட்டிக் காட்ட முடிந்தால் யோசிக்கவே வேண்டாம், ரோம்தான். இண்டியம்-116m-இன் அரை ஆயுள் 54 நிமிடம். ஒரு மதியத்தில் அளந்துவிடலாம்.

## பலெர்மோ: தபாலில் வந்த தனிமம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். எமிலியோ செக்ரே 1936-இல் பெர்க்லிக்குப் போய்வந்தார். அங்கே சைக்ளோட்ரானில் (துகள்களை வேகமாக முடுக்கும் கருவியில்) டியூட்ரான்கள் பல மாதம் தாக்கிய மாலிப்டினத் தகடு பின்னர் அவருக்கு அனுப்பிவைக்கப்பட்டது. கார்லோ பெரியேவோடு சேர்ந்து 1937-இல் அதை ஆராய்ந்தார். கதிரியக்கம் சிர்கோனியத்தோடும் போகவில்லை, நயோபியத்தோடும் போகவில்லை, மாலிப்டினத்தோடும் போகவில்லை. ரீனியத்தைப் போல நடந்துகொண்டது, ஆனால் ரீனியமும் இல்லை. தனிம வரிசை அட்டவணையில் காலியாக இருந்த 43-ஆம் இடம் நிரம்பியது. டெக்னீசியம் என்ற பெயர் 1947-இல் வந்தது.

இங்கே கேரியருக்குத் தன் இனமே உலகில் இல்லை. நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாத தனிமத்தை அண்டை வீட்டார்களை வைத்து அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தனிம வரிசை அட்டவணையின் வலிமையை இவ்வளவு நேராகக் காட்டும் சோதனை குறைவு.

மறைந்த செலவு: மாலிப்டினம், ரீனியம் வேதியியல் தெரியாத இயற்பியல் மாணவர்களுக்குச் சுவை போய்விடும். அரை ஆயுள்கள் மாதக் கணக்கில் இருப்பதால் பக்கத்தில் எந்தச் செய்முறையும் வைக்க முடியாது.

எப்போது இதை எடுக்கலாம்: வேதியியல் துறை மாணவர்கள் என்றால் தயங்காமல்.

## பெர்க்லி: வேண்டிய அரை ஆயுளைக் கேட்டு வாங்கியவர்கள்

பெர்க்லியில் சைக்ளோட்ரான் இருந்தும் செயற்கைக் கதிரியக்கத்தைப் பாரிஸுக்கு முன்னால் காணவில்லை. கருவியும் கைகர் எண்ணியும் ஒரே சுவிட்சில் இயங்கியதால், கற்றையை நிறுத்தியதும் எண்ணியும் நின்றுவிடும். பாரிஸ் செய்தி வந்ததும் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தார்கள். கதிரியக்கம் அங்கேயே இருந்தது. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆய்வகத்தில் வயரிங் கூட இயற்பியல்தான்.

1938 அயோடின்-131-க்குப் பின்னால் ஒரு தேவை இருந்தது. தைராய்டு ஆய்வு செய்த மருத்துவர் ஜோசப் ஹாமில்டனிடம் இருந்த அயோடின்-128-இன் அரை ஆயுள் 25 நிமிடம். உடலில் ஏற்றிப் பின்தொடர்வதற்குள் தீர்ந்துவிடும். எவ்வளவு வேண்டும் என்று கிளென் சீபோர்க் கேட்டார். ஒரு வாரம் போல இருந்தால் நல்லது என்றார் அவர். சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் டெலூரியத்தைத் தாக்கி எடுத்ததன் அரை ஆயுள் 8 நாள். தைராய்டு சிகிச்சைக்கு இன்றும் கொடுக்கப்படுவது அதுதான். வகுப்பில் யாராவது ஒருவருக்கு அம்மாவோ அத்தையோ இதைக் குடித்தவராக இருப்பார். பேச்சு உடனே உயிர் பெறும்.

கார்பன்-14 வேறு வகை. 1940 பிப்ரவரியில் மார்ட்டின் காமனும் சாம் ரூபெனும் கண்டது இது. காத்திருந்து பாதியாவதைப் பார்க்க முடியாது. அணுக்கள் எத்தனை என்று தெரிந்து, நிமிடத்துக்கு எத்தனை சிதைகின்றன என்றும் தெரிந்தால் வகுத்து எடுக்கலாம். உயிருள்ள பொருளின் 1 கிராம் கார்பனில் சுமார் 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் உள்ளன. நிமிடத்துக்குச் சுமார் 13.6 சிதைகின்றன. 6,000 கோடியை 13.6-ஆல் வகுத்து 0.693-ஆல் பெருக்கினால் வருவது நிமிடக் கணக்கில் அரை ஆயுள்; ஆண்டாக மாற்றினால் ஏறக்குறைய 5,800. ஏற்கப்பட்ட 5,730-க்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். கரும்பலகையில் மூன்று வரிதான்.

மறைந்த செலவு: சைக்ளோட்ரான் எப்படி வேலை செய்கிறது என்பதே தனிப் பாடம். பயன்பாட்டுக் கதைகள் இனிப்பாக இருப்பதால் “எப்படித் தெரிந்தது” என்ற கேள்வி பின்னால் போய்விடும். நான் பார்த்த பல செமினார்கள் இங்கேதான் தடம் மாறின.

எப்போது இதை எடுக்கலாம்: மருத்துவ இயற்பியல், தொல்லியல் மாணவர்கள் கேட்கும்போது. உயிரியல் மாணவர்களுக்கு இதைவிட 1935-இல் கோபன்ஹேகனில் ஹெவெசி, 14.3 நாள் அரை ஆயுள் கொண்ட பாஸ்பரஸ்-32-ஐ எலிகளுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்த சோதனையைப் பரிந்துரைப்பேன்.

## அந்த மாணவிக்குச் சொன்னது

முக்கால் மணி நேரத்துக்கு பாரிஸ். முதல் 10 நிமிடம் ஆல்ஃபா, அலுமினியம், எண்ணி நிற்காதது. அடுத்த 15 நிமிடம் அமிலமும் வாயுவும். அவசரப்படாமல், படம் வரைந்து. பிறகு பின்னணிக் கணக்கு, வகுப்பே போடட்டும். கடைசியில் நேரம் மிஞ்சினால் பெர்க்லி சுவிட்ச் கதை. அதற்கு இரண்டு நிமிடம் போதும். யுரேனியத்தைத் தொட வேண்டாம். யாராவது கேட்டால், இரும்பையும் மாங்கனீசையும் வைத்துத் தொடங்கி பேரியத்தில் முடியும்படி அடுத்த செமினாரை அவரையே எடுக்கச் சொல்லலாம்.